தவளை வீடு

குசினிக்கு சிங் வாங்கப் போன இடத்தில் அரை மணித்தியாலமாக ஒரு தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன் என்று மனைவி வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அரை மணித்தியாலம் இல்லை, ஐந்து நிமிடம் இருக்கும். என் விரல்கள் அதற்குள் ஒரு தவளையைத் தேடிக்கொண்டிருந்தன என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஹரோவில் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பழைய குசினி உப்பி, தட்டுகளின் கதவுகள் கழன்று, மேடை ஊறிப்போய்க் கிடந்தது. இந்த முறை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவெடுத்தோம். அடுப்பு, அலுமாரி, மேடைக்கல் எல்லாம் மகளும் மனைவியும் தொலைபேசியில் படம் பார்த்தே முடித்துவிட்டார்கள். சிங் ஒன்றுதான் இழுபட்டது. மனைவிக்கு எவர்சில்வர். மகளுக்குக் கருங்கல் தூளும் பிசினும் கலந்து வார்த்த கறுப்புத் தொட்டி. எனக்கு ஒரு விருப்பமும் இருக்கவில்லை, அந்தக் கடைக்குள் கால் வைக்கும் வரைக்கும்.

மூலையில், இரண்டு மரக்கட்டைகளுக்கு மேல், ஒரு வெள்ளைத் தொட்டி இருந்தது. தடித்த சுவர், நேரான முகம், மழுங்கிய மூலைகள். பின்சுவரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நீளமாக ஒரு வாய். தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்தால் வாய்க்குள் இறங்கி, சுவருக்குள்ளேயே இருக்கும் ஒடுங்கிய வழியால் அடித்துளைக்குப் போய்விடும். தொட்டி நிரம்பி நிலத்தில் வழியாது.

"இது பெல்ஃபாஸ்ட் சிங்" என்றான் கடைப் பொடியன். பிறகு தன் பாடத்தை ஒப்புவித்தான். பெல்ஃபாஸ்டில் தண்ணீருக்குக் குறைவில்லையாம், அதனால் வழிந்தோட வாய் வைத்தார்களாம். லண்டனில் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டியிருந்ததாம், அதனால் லண்டன் சிங்குக்கு வாய் கிடையாதாம். கதை நல்ல கதை. ஆனால் நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இந்தத் தொட்டியை எனக்குத் தெரியும். ஆறு என்று சொல்ல மழைக்கு மட்டும் ஓடுகிற ஒரு வழுக்கையாற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டுத் தாவாரத்தில், எட்டு வருடம் இது கிடந்தது. அதன் வாய்க்குள் தவளை குடியிருந்தது.

1982ஆம் ஆண்டு. சித்தப்பா ஹற்றனில் தபால் கந்தோரில் வேலை. அங்கே ஒரு தோட்டத்துத் துரை பங்களாவைத் திருத்தினார்களாம். குசினியில் கிடந்த பழைய பீங்கான் தொட்டியைக் கழற்றி வெளியில் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா அதை ஒரு சொற்ப காசுக்கு வாங்கி, வைக்கல் சுற்றிச் சாக்கில் தைத்து, ரயிலில் ஏற்றிவிட்டார். மலையால் இறங்கிப் பொல்காவலையில் வண்டி மாறி, அங்கிருந்து வடக்கே காங்கேசன்துறை வரைக்கும் வந்தது. தண்டவாளம் முடிகிற இடம் அதுதான். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு மாட்டு வண்டிலில் வந்தது. நானும் அண்ணாவும் பின்னால் ஓடி வந்தோம். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

அப்பா சீமெந்து ஆலையில் கிளாக்கர். 1950இல் தொடங்கின ஆலை. எங்கள் ஊரின் நேரம் அதன் சங்கில்தான் போனது, எங்கள் ஊர் மாவிலையில் அதன் தூள்தான் படிந்தது. அப்பாவுக்கு ஒரு ஆசை: வீட்டோடு ஒட்டி ஒரு புதுக் குசினி கட்ட வேண்டும், அம்மா நின்றுகொண்டு சமைக்க வேண்டும், நின்றுகொண்டு ஏதனம் கழுவ வேண்டும். கிணற்றில் பம்ப், மேலே தண்ணீர்த் தாங்கி, குழாய், சிங். துரைசாணியின் சமையல்காரன் கோப்பை கழுவின தொட்டியில் என் அம்மா கழுவ வேண்டும் என்பதில் அப்பாவுக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சாக்கைப் பிரித்தபோது ஒரு மூலை உடைந்திருந்தது. பெரிய உடைவு இல்லை, ஒரு தேசிக்காயளவு. வெள்ளைக்குள்ளே மண்ணிறம் தெரிந்தது. "பார், உள்ளுக்கு வெறும் களிமண்தான்" என்று அப்பா எங்களுக்குக் காட்டினார். அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பீங்கான் என்றால் உள்ளும் புறமும் வெள்ளை என்று அவ நினைத்திருந்தா. எங்களுக்குப் பீங்கான் என்றால் விருந்தினருக்கு மட்டும் அலுமாரியால் எடுக்கிற கோப்பை. சிங்களத்தில் சாப்பாட்டுக் கோப்பைக்கே பிங்கான என்றுதான் பெயர், மலாயாவில் இருந்து வந்த பென்சன்காரர் அங்கேயும் அதே சொல் என்பார். கப்பலில் போய் வந்த சொல். உடைந்தால் வீட்டில் சண்டை வருகிற சொல்லும் அதுதான்.

அப்பா சொன்னது சரி என்பதை லண்டன் கடையில்தான் அறிந்தேன். கை கழுவுகிற பேசின்களுக்குப் பாவிக்கிற மெல்லிய பீங்கான் வேறு, இந்தத் தொட்டிக்குரிய மண் வேறு. இது நெருப்புக்குத் தாக்குப்பிடிக்கிற களிமண். இங்கிலாந்தில் நிலக்கரிப் படைகளுக்கு அடியில் கிடக்கிறது. கரி தோண்டின ஊர்களிலேயே இந்தத் தொட்டிகளும் பிறந்தது அதனால்தான். லங்காஷயரில் டார்வென் என்ற ஊரில் ஷோஸ் என்ற கம்பனி 1897இலிருந்து இதைச் செய்கிறது. களியைக் கூழாக்கி அச்சில் வார்த்து, நாட்கணக்கில் மெதுவாகக் காயவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசி, ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்தில் சுடுகிறார்கள். காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், கொஞ்சம் வளையும். அதனால் ஒரு தொட்டியைப் போல இன்னொன்று அச்சொட்டாக இராது. மேடைக்கல் வெட்டுகிறவர்கள் கடதாசியில் உள்ள அளவை நம்பாமல் தொட்டி வந்திறங்கின பிறகே அளக்க வருவார்கள். வழக்கமான அளவு 595க்கு 455, உயரம் 255 மில்லிமீற்றர். நாற்பது ஐம்பது கிலோ நிறை. சாதாரண அலுமாரிப் பெட்டியில் வைத்தால் பெட்டி இருந்துவிடும், கீழே முட்டுக்கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் மேசனார் தொட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, "இதுக்கு அலுமாரி சரிவராது, கல்லுக் கட்டித்தான் இருத்த வேணும்" என்றார்.

அதுவரைக்கும் எங்கள் ஏதனம் கழுவுகிற இடம் கிணத்தடிக்குப் போகிற வழியில் இருந்தது. ஒரு முழ உயரத்தில் சீமெந்துக் கட்டு, பக்கத்தில் ஒரு சிறு தொட்டி. அம்மா பலகைக்கட்டையில் குந்தியிருப்பா. ஒரு சிரட்டையில் சாம்பல், கையில் பொச்சு. கரிச்சட்டியைச் சாம்பல் போட்டு உரஞ்சிற சத்தத்தில்தான் நான் காலமையில் எழும்புவேன். பித்தளைச் செம்புக்கும் மூக்குப்பேணிக்கும் பழப்புளி. அந்த இடத்தில் ஒரு தண்ணீரும் சும்மா ஓடாது. அரிசி கழுவின கழுநீர் மாட்டுக்கு. மீன் கழுவினது தேசிக்கு. சாம்பல் தண்ணீர் சின்ன வாய்க்காலால் ஓடி நாலு வாழைக்கும் கடைசியில் ஒரு தென்னைக்கும் போகும். எந்தத் தண்ணீர் எந்த மரத்துக்கு என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. வாழை வாடினால் அம்மா வாய்க்காலைப் பார்ப்பா, மரத்தைப் பார்க்க மாட்டா.

புதுக் குசினி எழும்பினது. சுவர் லிந்தல் மட்டத்துக்கு வந்தது. சிங் வரப்போகிற இடத்தில், கழிவுக் குழாய்க்காக, அப்பா ஒரு பால்மாப் பேணியை வைத்து வட்டம் கீறி ஓட்டை விடுவித்தார். கூரையும் போட்டாயிற்று. பம்ப் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் யூலைக் கலவரம். கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்த மாமாவின் குடும்பம் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியது. ஐந்து பேர், கையில் ஒரு துணிப்பை. அந்த இரவு புதுக் குசினிக்குள் பாய் விரித்தோம். பிறகு அது மாமா வீட்டு அறையாகிவிட்டது. சிங்குக்கு விட்ட ஓட்டையால் கச்சான் காற்று அடிக்கிறது என்று மாமி ஒரு பழைய சாக்கைச் சுருட்டி அடைத்தா. பம்ப் காசு அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கும் போனது. யாரும் எதையும் முறையிடவில்லை. அப்பா மட்டும் சில வேளை அந்த ஓட்டையை வெளிப்பக்கத்தில் நின்று பார்ப்பார்.

தொட்டி தாவாரத்தில் கிடந்தது. முதலில் அதை ஒருவரும் தொடக்கூடாது என்று சட்டம். பிறகு அம்மா உளுந்து ஊறப்போட்டா. பிறகு நெல் ஊறப்போட்டா. பிறகு அடித்துளைக்கு ஒரு துணிப் பந்தை அடைத்துவிட்டு எங்கள் பசு லட்சுமிக்குத் தண்ணீர் காட்டத் தொடங்கினோம். "துரைமார் கோப்பை கழுவினதிலை எங்கடை லட்சுமி கழுநீர் குடிக்குது" என்று அம்மா வருகிறவர்களுக்குச் சொல்லுவா. வெள்ளைத் தொட்டியும் கறுத்தப் பசுவும் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். மாரி மழைக்குத் தாவாரத்துத் தண்ணீர் அதில் விழுந்து நிரம்பும். அப்போதுதான் தவளை வந்தது. பின்சுவர் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பகலில் தொண்டை மட்டும் துடிக்கிறது தெரியும். இரவில் கத்தினால் அந்த ஒடுங்கின வழி குழல்மாதிரி வேலை செய்து, ஒரு தவளை பத்துத் தவளையாகக் கேட்கும். மாமாவின் கடைசிப் பெட்டைதான் அதற்குத் தவளை வீடு என்று பெயர் வைத்தாள். அவள் இப்போது ரொறன்ரோவில் பல் வைத்தியர்.

1990 ஜூன் மாதம் சண்டை தொடங்கிப் பலாலிப் பக்கத்திலிருந்து செல் விழ, ஊரே எழும்பியது. யாழ்தேவி ரயிலும் அந்த மாதத்தோடு நின்றது, சீமெந்து ஆலையும் நின்றது. சைக்கிளில் ஏற்றக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான். அரிசி, உடுப்பு, காணி உறுதி, அம்மம்மாவின் மருந்து. லட்சுமியை அவிழ்த்துவிட்டோம். படலையடிக்கு வந்த பிறகு அம்மா சைக்கிளை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பி ஓடினா. எதையோ மறந்துபோனா என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் தாவாரத்தில் அந்தத் தொட்டியைத் தனியாகப் புரட்டப் பார்க்கிறா. "மழை வந்தால் தண்ணி நிண்டு நுளம்பு பிடிக்கும், கவிட்டுவிட்டுப் போவம்" என்றா. அப்பா ஏசினார். ஏசிக்கொண்டே வந்து ஒரு பக்கம் பிடித்தார். நான் மற்றப் பக்கம். கீழே இரண்டு மட்டைத் துண்டு வைத்துக் கவிழ்த்தோம். ஒரு கிழமை, கூடினால் இரண்டு கிழமை என்ற கணக்கு எங்களுக்கு.

அதற்குப் பிறகு கழுவினது எல்லாம் மற்றவர்களின் கிணத்தடியில். சவர்க்காரம் இல்லாத காலம், பனங்காயால் உடுப்புத் தோய்த்த காலம். வடக்குக்குச் சீமெந்து வரவே தடை. முப்பது வருடம் சீமெந்துக் கணக்கு எழுதின அப்பா, இருந்த வாடகை வீட்டின் தண்ணீர்த் தொட்டி வெடிப்பை அடைக்க ஒரு சுண்டு சீமெந்துக்கு அலைந்தார். 1995 ஒக்ரோபர் கடைசியில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்களிடம் ஒரு சட்டியும் இரண்டு பேணியும் இருந்தன. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, வேறு ஆட்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். அப்பா 2003இல் கொழும்பில் காலமானார். அம்மாவை இங்கே கூப்பிட்டேன்.

வந்த புதிதில் அம்மாவுக்கு இந்த நாட்டில் பிடித்த ஒரேயொரு விஷயம், சிங்குக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து அதில் ஏதனம் கழுவுகிற வெள்ளைக்காரரின் பழக்கம். பக்கத்து வீட்டுக் கிழவி அப்படிக் கழுவுகிறதை யன்னலால் கண்டுவிட்டா. அடுத்த நாளே எங்கள் சிங்கிலும் ஒரு நீலப் பேசின். தண்ணீரைக் கொண்டுபோய் ரோசாவுக்கு ஊற்றுவா. கழுநீரை வாளியில் சேர்த்து வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் யோசித்துப் பார்த்தா, பிறகு கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றினா. கேத்தலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைக் கண்டு, "எங்கடை ஊர்த் தண்ணிபோலைதான்" என்றா. உண்மைதான். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்கிறது, லண்டனுக்கு வருகிற தண்ணீரில் பெரும்பகுதியும் சுண்ணாம்புப் பாறை ஊர்களைக் கடந்தே வருகிறது. இரண்டிடத்திலும் கேத்தல் ஒரே நோயால்தான் சாகிறது.

இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டது என்று கேள்விப்பட்டு 2018இல் நான் மட்டும் போனேன். வீடு இல்லை. சுவரும் இல்லை. பற்றைக்குள் எங்கே வாசல், எங்கே குசினி என்று பிடிபடவில்லை. கிணற்றை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் மனதில் நிறுத்தினேன். கிணறு பாதிக்கு மேல் கல்லும் மண்ணும் போட்டு மூடிக் கிடந்தது. அங்கே நின்றுகொண்டே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தத் தொட்டி கிடக்கோ?" என்றா.

"பற்றையாக் கிடக்கு அம்மா, வடிவாப் பாக்கேல்லை" என்றேன். நான் தேடினேன். ஒரு தடியால் தட்டித் தட்டி, தாவாரம் இருந்திருக்கக்கூடிய இடம் முழுக்கத் தேடினேன். அவ்வளவு பாரத்தை யார் தூக்கிக்கொண்டு போனார்கள், எந்தக் குசினியில் வைத்தார்கள், அல்லது எந்த மாடு குடித்தது?

கடைக்குத் திரும்பி வருவோம். நியாயமாகப் பார்த்தால் எங்கள் மாதிரிச் சமைக்கிறவர்களுக்குப் பீங்கான் சிங் சரிவராது. மனைவியின் வாதங்கள் ஒவ்வொன்றும் சரி. இரும்புத் தாச்சி கைதவறி விழுந்தால் விளிம்பு தெறிக்கும். தொட்டி தெறிக்காவிட்டால் கோப்பை தெறிக்கும், எவர்சில்வரைப்போல இது விட்டுக்கொடுக்காது. அலுமினியச் சட்டி உரஞ்சின இடத்தில் பென்சில் கீறினமாதிரிக் கறுப்புக் கோடு விழும், பசை போட்டுத் தேய்த்தால்தான் போகும். பக்கத்தில் ஏதனம் வடிய விடுகிற தட்டு கிடையாது. மேடைக்கல்லில் கோடு வெட்டச் சொல்ல வேண்டும், அதற்கு வேறு காசு. ஆழம் கூட, நடு முதுகு பிடிக்கும். மஞ்சள் கறையைப் பற்றித்தான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அது வீண் பயம். நல்ல பூச்சில் மஞ்சள் ஏறாது, ஏறினாலும் யன்னல் வெயில் பட்டால் மங்கிப்போகும். அம்மாவின் வெள்ளைச் சேலையில் பட்ட குழம்பு வெயிலில் காயப் போட்டதும் போகிறமாதிரி.

அம்மாவைக் கேட்டோம். எண்பத்தாறு வயது. ஆவலோடு கேட்டேன், ஆமென்பா என்று நினைத்து.

"எவர்சில்வர் போதும் தம்பி. பீங்கான் எண்டால் உடைஞ்சு போம்."

மகள்தான் கட்சி மாறினாள். தவளைக் கதையை அவளுக்குக் காரில் வரும்போது சொல்லியிருந்தேன். கறுப்புத் தொட்டியை விட்டுவிட்டு, "வெள்ளையையே எடுங்கோ அப்பா" என்றாள். இரண்டுக்கு இரண்டு. வெறும் பிடிவாதத்தில் நான் காசைக் கட்டினேன். வாயுள்ளதுதான் வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னேன். லண்டனில் இருந்துகொண்டு லண்டன் சிங் வேண்டாம் என்கிறீர்கள் என்று பொடியன் பகிடி விட்டான்.

நவம்பர் தொடக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கினார்கள். அலுமாரிகள் வரவில்லை, தச்சுவேலைக்காரர் இன்னும் இரண்டு கிழமை என்றார். உள்ளே இடமில்லை, பழைய குசினி முழுக்க வரவேற்பறையில் குவிந்து கிடந்தது. பின்வளவில், கல் பதித்த இடத்தில், மட்டைப் பெட்டியோடு வைத்தோம். இரவு மழை பெய்து பெட்டி நைந்து கிழிந்தது. அடுத்த இரவும் மழை.

சனிக்கிழமை விடிய நான் தேத்தண்ணியோடு யன்னலடியில் நிற்கிறேன். அம்மா என் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் மகளின் சப்பாத்தோடு, ஊன்றுகோலைப் பிடித்தபடி வெளியில் நிற்கிறா. நைந்த மட்டையை ஊன்றுகோல் நுனியால் ஒதுக்கிவிட்டுத் தொட்டியைப் பார்த்தா. அடித்துளையில் கடைக்காரர் ஒட்டிவிட்ட நாடா இருந்ததால் அரைத் தொட்டிக்கு மழைத் தண்ணீர். அதில் இரண்டு மேப்பிள் இலை. குனிந்து, பின்சுவர் வாயின் விளிம்பை விரலால் ஒரு தரம் தடவினா. பிறகு மூலைகள் நாலையும் தடவினா. ஒன்றும் உடைந்திருக்கவில்லை.

நான் கதவைத் திறந்தேன். "குளிருது அம்மா, உள்ளை வாங்கோ."

"தண்ணி நிக்குது" என்றா. "பிள்ளையைக் கூப்பிடு. ஒராளாலை ஏலாது."

மகள் நித்திரைக் கண்ணோடு வந்தாள். அம்மா சொன்னபடி பக்கத்தில் கிடந்த பழைய அலுமாரிப் பலகையில் இரண்டு துண்டு எடுத்துக் கீழே போட்டேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீர் புல்லுக்குள் ஓடியது. மெதுவாகக் கவிழ்த்து வைத்தோம்.